நனோ விஞ்ஞானமும் குவாண்டம் தொழில்நுட்பமும்: முதுமாணிக் கல்விக்குச் செல்ல நினைக்கும் மலையக ஆசிரியை ஒருவருக்கு விரிவான பதில்

ஹட்டனுக்கு அருகிலுள்ள பாடசாலை ஒன்றில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. பேராதனையில் நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டம் முடித்தவர். நனோ விஞ்ஞானம், குவாண்டம் தொழில்நுட்பம் என்ற இரண்டையும் சேர்த்துப் பல பல்கலைக்கழகங்கள் இப்போது முதுமாணிக் கற்கைநெறிகளை நடத்துகின்றன. அவர் கேட்பவை இவை: அவை ஒரே துறையா, இரண்டா? எனது பட்டம் அதற்குப் போதுமா? செலவுக்கு வழி உண்டா? படித்துத் திரும்பினால் மலையகத்தில் அதற்கு இடம் இருக்கிறதா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கற்கைநெறியின் பெயரைப் பார்த்துத் தெரிவு செய்யாதீர்கள். ஆய்வேட்டுக்கான ஆறு மாதங்களோ ஓராண்டோ எந்த ஆய்வுகூடத்தில், எந்தக் கருவியோடு வேலை செய்யப்போகிறீர்கள் என்பதைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். விரிவுரைகளில் சொல்லப்படுவதில் பெரும்பகுதி எல்லா நல்ல பல்கலைக்கழகங்களிலும் ஏறத்தாழ ஒன்றுதான். நூல்களிலிருந்தும் அதைக் கற்கலாம். கருவியில் பெறும் பயிற்சியை அந்தக் கருவி இருக்கும் இடத்துக்குப் போய்த்தான் பெற வேண்டும்.

துறை ஒன்றா இரண்டா என்பதை எடுத்துக்கொள்வோம். ஒரு மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கே நனோமீற்றர். ஏறத்தாழ 1 முதல் 100 நனோமீற்றர் வரையான அளவுகளில் சடப்பொருளின் இயல்பு இரண்டு வேறுபட்ட காரணங்களால் மாறுகிறது. முதற் காரணம் வெறும் கேத்திரகணிதம். பக்கம் 1 சென்ரிமீற்றர் உடைய ஒரு கனக்குற்றியின் மேற்பரப்பு 6 சதுர சென்ரிமீற்றர் மட்டுமே. அதையே பக்கம் 1 நனோமீற்றர் உடைய குற்றிகளாக வெட்டினால் மொத்த மேற்பரப்பு 6,000 சதுர மீற்றராகும். அது ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர் தேயிலை மலை. விரல் நுனியில் வைக்கக்கூடிய பொருளுக்கு அவ்வளவு மேற்பரப்பு இருந்தால், தாக்கங்களும் உறிஞ்சலும் ஊக்கலும் வேறு வேகத்தில் நடப்பது இயல்பே. இந்த வழியில் செல்லும் நனோ விஞ்ஞானம் பெரும்பாலும் இரசாயனவியலுக்கும் திரவியப் பொறியியலுக்கும் உரியது.

இரண்டாவது காரணம் குவாண்டம் பொறிமுறை. ஓர் இலத்திரனை மிகச் சிறிய இடத்துக்குள் அடைத்தால் அதன் சக்தி மட்டங்கள் விலகிச் செல்கின்றன; அடைக்கும் நீளத்தைப் பாதியாக்கினால் அந்தச் சக்தி நான்கு மடங்காகிறது. கட்மியம் செலனைட்டுத் துணிக்கைகளில் இதைக் கண்ணாலேயே காணலாம். ஏறத்தாழ 2 நனோமீற்றர் விட்டமுள்ளவை நீலத்தை ஒட்டிய ஒளியைக் காலுகின்றன. 6 நனோமீற்றர் அளவினவை சிவப்பைக் காலுகின்றன. பதார்த்தம் ஒன்றே, அளவுதான் வேறு. இந்தக் குவாண்டம் புள்ளிகளுக்காக எகிமோவ், புரூஸ், பவெண்டி ஆகிய மூவருக்கும் 2023 ஆம் ஆண்டு இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

குவாண்டம் தொழில்நுட்பம் இதிலிருந்து இன்னும் ஓரடி தள்ளிப் போகிறது. குவாண்டம் விளைவு பொருளின் நிறத்தையோ கடத்துதிறனையோ மாற்றுவதோடு அது நிற்பதில்லை. ஒரு தனி அணுவையோ, ஒரு தனிப் போட்டனையோ, ஒரு சிறு மின்சுற்றையோ நாம் விரும்பும் குவாண்டம் நிலையில் வைத்து, அந்த நிலையைக் கலையாமல் காத்து, பின்னர் அளந்து, அதைக் கொண்டு கணிக்கவும் தகவல் அனுப்பவும் நுண்ணிய புலங்களை உணரவும் முயல்கிறது. ஆகவே இவை இரண்டு துறைகள். அவை ஒரே மேசையில் சந்திக்கும் இடம் சாதனம். அந்தச் சந்திப்பு எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

இன்று பல நிறுவனங்கள் பயன்படுத்தும் குவாண்டம் கணினிகளின் அடிப்படை அலகு, மீகடத்தியால், அதாவது மின்தடையே இல்லாமல் மின்னைக் கடத்தும் பொருளால், ஆன ஒரு மின்சுற்று. அதன் இதயம் ஜோசப்சன் சந்தி. இரண்டு அலுமினியப் படைகளுக்கு நடுவே ஓரிரு நனோமீற்றர் தடிப்பில் அலுமினியம் ஒட்சைட்டுப் படை ஒன்று இருக்கும். இலத்திரன் சோடிகள் அந்தத் தடுப்பை ஊடுருவிச் செல்லும். ஊடுருவும் அளவு தடிப்பைப் பொறுத்து அடுக்குக்குறி விதிப்படி மாறுவதால், ஒட்சைட்டு ஓர் அணுப்படை கூடினாலோ குறைந்தாலோ சுற்றின் மீடிறனே இடம் மாறிவிடுகிறது. சந்தியை வரைவதற்கு இலத்திரன் கற்றை வேண்டும், படை வளர்ப்பதற்கு உயர் வெற்றிடம் வேண்டும், இவ்வளவும் தூசியற்ற அறைக்குள் நடக்க வேண்டும். இதுவரை நடந்தது நனோ தொழில்நுட்பம்.

அடுத்த படியில் குவாண்டம் பக்கம் வருகிறது. அச்சுற்றின் இரண்டு தாழ் மட்டங்களுக்கு இடையிலான வித்தியாசம் ஏறத்தாழ 5 கிகாஹேட்ஸ் மீடிறனுக்கு உரியது. பிளாங்கின் மாறிலியால் பெருக்கிப் போல்ட்ஸ்மானின் மாறிலியால் வகுத்துப் பாருங்கள், 0.24 கெல்வின் வரும். உயர்தர மாணவர் ஒருவராலும் செய்யக்கூடிய கணிப்பு இது. அந்த வெப்பநிலையிலேயே வெப்பச் சக்தியும் மட்ட வித்தியாசமும் சமமாகிவிடுவதால் சுற்றைத் தாழ் மட்டத்தில் நிறுத்திவைக்க முடியாது. 0.02 கெல்வினுக்குக் கொண்டுபோனால், சுற்று தானாகவே மேல் மட்டத்தில் இருப்பதற்கான வாய்ப்பு இலட்சத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிடும். ஈலியம்-3, ஈலியம்-4 கலவையால் இயங்கும் விலையுயர்ந்த குளிரூட்டிகள் இதற்காகவே தேவைப்படுகின்றன. இத்தகைய மின்சுற்றுகளில் குவாண்டம் ஊடுருவலும் தனித்தனிச் சக்தி மட்டங்களும் வெளிப்படுவதை 1980களின் நடுப்பகுதியில் காட்டிய ஜோன் கிளார்க், மிஷெல் டெவோரே, ஜோன் மார்ட்டினிஸ் ஆகியோருக்கே 2025 ஆம் ஆண்டு பௌதிகவியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இந்த உதாரணத்தை இவ்வளவு விரித்ததற்குக் காரணம் உண்டு. இதில் எந்தப் பகுதியை வாசிக்கும்போது உங்கள் மனம் நின்றது என்று கவனியுங்கள். ஒட்சைட்டுப் படையை எப்படி ஒரே சீராக வளர்ப்பது என்ற கேள்வி உங்களை இழுத்தால் நனோ ஆக்கமும் திரவியங்களும் உங்கள் வழி. நிலை ஏன் கலைகிறது, அதை எவ்வாறு கணிதத்தில் எழுதுவது என்று கேட்கத் தோன்றினால் குவாண்டம் தகவல் விஞ்ஞானம் உங்கள் வழி. இரண்டு வழிக்கும் ஒரே கற்கைநெறிக்குள் இடம் இருக்கலாம். ஆனால் தெரிவுப் பாடங்களும் ஆய்வேடும் முதலாம் ஆண்டின் முடிவுக்குள் உங்களை ஒரு பக்கம் கொண்டுபோய்விடும்.

பட்டம் போதுமா என்பதற்கு, நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டம் தாராளமாகப் போதும். மூன்று ஆண்டுப் பொதுப் பட்டத்தோடு விண்ணப்பிப்பவர்களுக்குச் சில நாடுகளில் தடை வரும். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. கவலைப்பட வேண்டியது கணிதத்தைப் பற்றியே. நம் பட்டப்படிப்புகளில் குவாண்டம் பொறிமுறையைப் பெரும்பாலும் சுரோடிங்கரின் வகையீட்டுச் சமன்பாட்டின் வழியே கற்றிருப்போம்: பெட்டிக்குள் துணிக்கை, ஐதரசன் அணு, இசை அலையம். முதுமாணி வகுப்பில் முதல் வாரத்திலேயே மொழி மாறிவிடுகிறது. நிலை என்பது காவி, அளவீடு என்பது தாயம், சாத்தியமான விடைகள் அத்தாயத்தின் ஐகன் பெறுமானங்கள் என்று பேசத் தொடங்குவார்கள். சிக்கலெண்களும் நேரியல் அட்சரகணிதமும் கைவசம் இல்லாத மாணவர், பௌதிகவியலில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், அங்கே தடுமாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பௌலியின் மூன்று தாயங்களை எழுதி, அவற்றின் ஐகன் பெறுமானங்களைக் கண்டு, இரண்டை இரு வரிசையிலும் பெருக்கி வித்தியாசத்தைப் பாருங்கள். இதை உதவியின்றிச் செய்ய முடிந்தால் நீங்கள் ஆயத்தம். முடியாவிட்டால் விண்ணப்பத்துக்கு முந்திய மாதங்களை இதற்கே கொடுங்கள்.

கணினி நிரலாக்கமும் அப்படியே. பைத்தன் மொழியும், குவாண்டம் நிரல்களை எழுதுவதற்காக ஐ.பி.எம். நிறுவனம் திறந்த மூலமாக வெளியிட்ட கிஸ்கிட் மென்பொருளும் ஒரு சாதாரண மடிக்கணினியில் ஓடும். அந்நிறுவனம் 2016 இல் தனது சிறிய குவாண்டம் செயலி ஒன்றை இணையத்தின் வழியே எவரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. அதன்பின் தோட்டத்திலிருந்து கற்பவருக்கும் கொழும்பிலிருந்து கற்பவருக்கும் இந்த விடயத்தில் இடைவெளி குறைந்துவிட்டது. குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகைக் குவாண்டம் பிட்டு என்பார்கள். 20 குவாண்டம் பிட்டுகளின் நிலையை முழுமையாக எழுதப் பத்து இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட சிக்கலெண்கள் வேண்டும். அதற்கு 16 மெகாபைற்று நினைவகம் போதும். 30 ஆக்கினால் 16 கிகாபைற்று வேண்டியிருக்கும். ஒவ்வொரு பிட்டுக்கும் தேவை இரட்டிப்பாவதைச் சொந்தக் கணினியில் கண்ட மாணவருக்கு, குவாண்டம் கணினி ஏன் தேவை என்று எவரும் விளக்க வேண்டியதில்லை. உங்கள் உயர்தர மாணவர்களோடும் இதைச் செய்து பார்க்கலாம்.

இங்கே, மலையகத்திலேயே தொடங்க முடியுமா என்ற கேள்வியைப் பலர் கேட்காமலேயே வெளிநாட்டு விண்ணப்பத்துக்குத் தாவிவிடுகிறார்கள். அது நல்லதல்ல என்பது என் உறுதியான கருத்து. 1981 இல் தொடங்கப்பட்ட தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் கண்டி ஹந்தானையில் இருக்கிறது. அங்கே கீர்த்தி தென்னக்கோனும் அவரது குழுவினரும் 1995 இல் வெளியிட்ட ஒரு வேலையைத் தேடி வாசியுங்கள். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் சுவிற்சர்லாந்தில் ஒரீகனும் கிரெட்சலும் சாயத்தால் இயங்கும் சூரியக் கலத்தை அறிமுகப்படுத்தியிருந்தார்கள். அதில் ஒரு திரவ மின்பகுபொருள் இருந்தது. திரவம் கசியும், ஆவியாகும். ஹந்தானைக் குழுவினர் நனோ அளவுத் துளைகள் நிறைந்த தைத்தேனியம் ஈரொட்சைட்டுப் படலத்தில் பூக்களுக்கு நிறம் தரும் சயனிடின் என்ற சாயத்தை ஒட்டவைத்து, துளைகளைத் திண்மமான செம்பு அயடைட்டால் நிரப்பினார்கள். திரவமே இல்லாத கலம் கிடைத்தது. அதன் வினைத்திறன் நூற்றுக்கு ஒன்றை எட்டவில்லை. ஆனால் திண்மநிலைச் சாயக் கலங்கள் என்ற ஆய்வுப் பாதையின் தொடக்க வேலைகளுள் அது எண்ணப்படுகிறது. கண்டி மலையில், எளிய பொருட்களைக் கொண்டு, கேள்வியைச் சரியாகக் கேட்டதால் நடந்த வேலை அது. நனோ விஞ்ஞானத்துக்குக் கோடிக்கணக்கில் கருவி வேண்டும் என்று சொல்பவர்களிடம் நான் எப்போதும் இதைத்தான் எடுத்துக்காட்டுவேன்.

பேராதனையில் இயங்கும் விஞ்ஞானப் பட்டப்பின் கல்வி நிறுவகத்தில் நனோ விஞ்ஞானத்திலும் நனோ தொழில்நுட்பத்திலும் முதுவிஞ்ஞானமாணிக் கற்கைநெறி உண்டு. பாடநெறி மட்டும் உள்ள முதுமாணிக்கு இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் 9 ஆம் மட்டம். அதற்கு 30 கிரெடிட் வேண்டும். ஆய்வோடு முடித்தால் 10 ஆம் மட்டம், 60 கிரெடிட். கலாநிதிப் பட்டம் வரை போகும் எண்ணம் சிறிதளவு இருந்தாலும் ஆய்வு உள்ள வழியையே எடுங்கள். ஆசிரியப் பணியை விடாமல் ஹட்டனிலிருந்து சென்று வரக்கூடிய தூரம்தான், அலுப்பான பயணம் என்றாலும்.

ஹோமாகமை பிட்டிபனையில் இருக்கும் இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவகத்தையும் அறிந்திருப்பீர்கள். யூரியாவை ஐதரொட்சி அபத்தைற்று நனோத் துணிக்கைகளில் பிணைத்து, நைதரசனை மெதுவாக விடுவிக்கும் உரம் பற்றி அங்குள்ளவர்கள் 2017 இல் வெளியிட்ட ஆய்வு உலக அளவில் கவனிக்கப்பட்டது. நெல் வயலில் நடந்த பரிசோதனையில் வழக்கமான யூரியாவின் பாதி அளவோடு நல்ல விளைச்சல் கிடைத்ததாக அது சொல்கிறது. தேயிலைக்கு இடும் உரக் கலவைகளிலும் யூரியாவே முக்கிய நைதரசன் மூலம். சாய்வான மலைச்சரிவில் மழை அடித்துக்கொண்டு போகும் நைதரசன் எவ்வளவு என்பதை மலையகத்தில் பிறந்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. தேயிலை மண்ணின் அமிலத்தன்மையில் இத்தகைய துணிக்கை எப்படி நடந்துகொள்ளும் என்பது ஒரு முதுமாணி ஆய்வுக்குத் தகுந்த கேள்வி.

இந்நாட்டுக் காரீயமும் (கிரபைற்று) அப்படியே. போகலையிலும் கஹட்டகஹவிலும் நாளங்களாகக் கிடைக்கும் காரீயம் தூய்மைக்குப் பேர் பெற்றது. அதன் ஒற்றை அணுப்படையே கிரபீன். ஒட்டும் நாடாவால் உரித்தெடுத்து அதன் இயல்புகளை 2004 இல் காட்டிய கெய்ம், நோவோசெலோவ் இருவருக்கும் 2010 இல் நோபல் பரிசு கிடைத்தது. லேசர் பட்டுச் சிதறும் ஒளியைப் பிரித்துக் காட்டும் ராமன் நிறமாலையை எடுத்து, படை ஒன்றா பலவா, பழுது எவ்வளவு என்று வாசிக்கக் கற்றுக்கொண்டால் அந்தத் திறன் எந்த நாட்டு ஆய்வுகூடத்திலும் செல்லுபடியாகும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஏதோ ஓர் இலையின் சாற்றை வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் ஊற்றி, நிறம் மாறியதும் ஒரு நுணுக்குக்காட்டிப் படம் எடுத்து, நுண்ணுயிர்க் கொல்லி என்று முடிக்கும் ஆய்வேடுகள் பெருகிவிட்டன. இலை மட்டும் மாறும், கேள்வி மாறாது. அப்படியொரு தலைப்பை உங்களுக்குத் தந்தால், எந்தச் சேர்வை வெள்ளி அயனைத் தாழ்த்தி உலோகமாக்குகிறது, துணிக்கையின் அளவை எது தீர்மானிக்கிறது, மறுபடியும் அதே அளவு கிடைக்கிறதா என்று கேளுங்கள். விடை தேட ஒருவரும் ஆயத்தமில்லை என்றால் வேறு தலைப்பைத் தேடுங்கள்.

வெளிநாட்டு வழிகளில் எனக்கு நன்கு தெரிந்தவற்றை மட்டும் சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் இராஸ்மஸ் முண்டுஸ் திட்டத்தில் நனோ விஞ்ஞானத்துக்கும் நனோ தொழில்நுட்பத்துக்கும் உரிய முதுமாணி ஒன்று உண்டு. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகம் அதை ஒருங்கிணைக்கிறது. முதலாண்டை லூவனிலும் இரண்டாம் ஆண்டைச் சால்மர்ஸ், டிரெஸ்டன், பார்சலோனா, கிரெனோபிள் போன்ற பங்காளி இடங்களுள் ஒன்றிலும் படிக்கும் அமைப்பு. இராஸ்மஸ் முண்டுஸ் புலமைப்பரிசில் கிடைத்தால் கற்கைக் கட்டணம் இல்லை. மாதம் 1,400 யூரோ கிடைக்கும். போட்டி கடுமையானது, ஆனால் நம் நாட்டவர் பெறாத ஒன்றல்ல. குவாண்டம் பக்கம் சாய்பவர்களுக்கு நெதர்லாந்தில் டெல்ஃப்டும் லெய்டனும் சேர்ந்து நடத்தும் குவாண்டம் தகவல் முதுமாணியும், சூரிச்சின் குவாண்டம் பொறியியல் முதுமாணியும், மியூனிக்கில் இரு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் முதுமாணியும் பெயர் பெற்றவை.

ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணமே இல்லை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பெரும்பாலும் உண்மை, ஆனால் பாடன்-வூட்டெம்பேர்க் மாநிலம் வெளிநாட்டவரிடம் தவணைக்கு 1,500 யூரோ அறவிடுகிறது, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் கட்டணம் அறவிடத் தொடங்கிவிட்டது. கட்டணம் இல்லாத இடத்திலும் வீசாவுக்காக ஓராண்டு வாழ்க்கைச் செலவைத் தடை செய்யப்பட்ட கணக்கில், அதாவது மாதந்தோறும் ஒரு குறித்த தொகையை மட்டுமே எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கில், காட்ட வேண்டும். 2024 இன் இறுதியில் அந்தத் தொகை 11,904 யூரோவாக இருந்தது. ஒரு தோட்டக் குடும்பம் அதைக் கடன்பட்டுத் திரட்டக் கூடாது என்பேன். முகவர்களின் பேச்சை நம்பி நகையையும் காணியையும் ஈடு வைத்துப் புறப்பட்டவர்கள் பகுதிநேர வேலையிலேயே காலத்தைக் கழித்து, ஆய்வுகூடத்தில் நிற்க நேரமில்லாமல் தவித்ததை அருகிலிருந்து கண்டிருக்கிறேன். புலமைப்பரிசில் கிடைக்காத ஆண்டில் போகாமல் இருப்பது இழப்பல்ல. அடுத்த ஆண்டு இன்னும் வலுவாக விண்ணப்பிக்கலாம்.

அமெரிக்காவின் நிலை வேறு. அங்கே முதுமாணிக்குச் செலவு மிக அதிகம். ஆனால் நான்கு ஆண்டுப் பட்டத்தோடு நேரடியாகக் கலாநிதிப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம், தெரிவானால் பெரும்பாலும் கட்டண விலக்கும் உதவித்தொகையும் கிடைக்கும். பேராதனைப் பட்டதாரிகள் நெடுங்காலமாகச் செல்லும் வழி அது. இந்தியாவில் பெங்களூரின் இந்திய விஞ்ஞான நிறுவகம் குவாண்டம் தொழில்நுட்பத்தில் முதுநிலைப் படிப்பை நடத்துகிறது. இந்திய அரசு 2023 இல் 6,003 கோடி இந்திய ரூபாவுக்கு மேற்பட்ட ஒதுக்கீட்டோடு தேசிய குவாண்டம் திட்டத்தை அங்கீகரித்திருப்பதால் அங்கு ஆய்விடங்கள் பெருகிவருகின்றன. இலங்கை மாணவர்க்கு இந்தியா வழங்கும் புலமைப்பரிசில்களுள் மௌலானா ஆசாத் திட்டம் முதுமாணிக் கல்விக்கு உரியது.

திரும்பி வந்தால் என்ன என்ற கேள்விக்கு மறைக்காமல் விடை சொல்ல வேண்டும். குவாண்டம் கணினித் தொழிற்துறை என்று ஒன்று இந்நாட்டில் இல்லை. மீகடத்திச் சுற்றில் பயிற்சி பெற்றவர் அதே வேலையை இங்கே தொடர முடியாது. நனோ திரவியங்கள், சூரியக் கலங்கள், மின்கலங்கள், உரம், இறப்பர், காரீயம் ஆகியவற்றில் பயிற்சி பெற்றவருக்குப் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வு நிறுவகங்களிலும் தொழிற்சாலைகளிலும் இடம் உண்டு. குவாண்டம் வழியில் போய்விட்டுத் திரும்பும் ஆசையும் உள்ளவருக்கு நான் பரிந்துரைப்பது குவாண்டம் உணரிகள். வைரப் பளிங்கில் ஒரு நைதரசன் அணுவும் அதனருகே காபன் அணு இல்லாத ஒரு வெற்றிடமும் சேர்ந்த குறைபாடு, பச்சை லேசர் பட்டதும் சிவப்பாக ஒளிர்கிறது, 2.87 கிகாஹேட்ஸ் நுண்ணலையைச் செலுத்தினால் அந்த ஒளிர்வு மங்குகிறது. காந்தப்புலம் இருந்தால் மங்கும் மீடிறன் இரண்டாகப் பிரிகிறது. பிரிந்த அளவே புலத்தின் அளவு. எல்லாம் அறை வெப்பநிலையிலேயே நடக்கிறது. ஈலியக் குளிரூட்டி வேண்டாம், தூசியற்ற பெரிய அறையும் வேண்டாம். நம் பல்கலைக்கழகம் ஒன்றில் கட்டியெழுப்பக்கூடிய குவாண்டம் பரிசோதனை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதையே சொல்வேன்.

இனிச் செய்ய வேண்டியது கடிதம் எழுதுவது. நீங்கள் விரும்பும் ஒவ்வோர் ஆய்வுக்குழுவுக்கும் தனித்தனியாக, ஒரு பக்கத்துக்கு மேற்போகாமல் எழுதுங்கள். அக்குழுவின் அண்மைய கட்டுரை ஒன்றை உண்மையிலேயே வாசித்து, அதில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வியைக் குறிப்பிடுங்கள். முதுமாணி மாணவர் தாமே கருவியை இயக்க அனுமதி உண்டா அல்லது தொழில்நுட்பவியலாளர் இயக்க அருகில் நிற்பதா, கடந்த ஆண்டு மாணவர்களின் ஆய்வேட்டுத் தலைப்புகள் எவை, ஆய்வேட்டுக்கு எத்தனை மாதங்கள் என்று கேளுங்கள். இராஸ்மஸ் விண்ணப்பங்கள் பொதுவாக ஆண்டின் கடைசியிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும் மூடப்படுவதால், பெறுபேற்று ஆவணத்துக்கும் ஆங்கிலத் தேர்வுக்கும் ஓகஸ்ட் மாதமே ஏற்பாடு செய்யுங்கள். பரிந்துரைக் கடிதம் தருபவர்களுள் ஒருவராவது உங்கள் இறுதியாண்டு ஆய்வுத்திட்டத்தை மேற்பார்வை செய்தவராக இருக்கட்டும். உங்கள் புள்ளிகளை மட்டும் அறிந்தவர் எழுதும் கடிதத்துக்கும், ஆய்வுகூடத்தில் நீங்கள் வேலை செய்ததைக் கண்டவர் எழுதும் கடிதத்துக்கும் தெரிவுக் குழுவில் இருப்பவர்கள் ஒரே மதிப்பைக் கொடுப்பதில்லை. கற்கை விடுமுறை பற்றி வலயக் கல்விப் பணிமனையில் எழுத்தில் விசாரித்து, பதிலையும் எழுத்திலேயே பெற்றுக்கொள்ளுங்கள்.